பிரேத அறை வரை போனவர்



2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. இரவுச் செய்திக்கு இதைவிட வசதியான வரி கிடைக்காது. சொல்பவர் அதிகாரி, வாசிக்க அரை நிமிடம் போதும், மறுத்துப் பேச இறந்தவர்கள் வரப்போவதில்லை.

‘சுடர் ஒளி’ பத்திரிகையின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறைக்கே போய் உடல்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிக் காயங்கள், அதுவும் கிட்ட நின்று சுட்டவை. படங்கள் அச்சில் வந்ததும் கைக்குண்டுக் கதை படுத்துவிட்டது. ஜனவரி 24 காலையில் பஸ்ஸுக்காகக் காத்துநின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு எவரும் தண்டனை பெறவில்லை. மாணவர் கொலை வழக்கிலும் 13 சந்தேக நபர்களை 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவித்தது.

தொலைக்காட்சிச் செய்தியைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. பேச்சாளருக்கு ஒரு அழைப்பு எடுத்துவிட்டால் சரிபார்த்தாயிற்று என்று பல செய்தி அறைகள் நினைக்கின்றன. அவர் அப்படிச் சொன்னார் என்பது மட்டும்தான் அதில் தெரியவரும். நான்கு அலைவரிசைகளில் ஒரே செய்தி ஓடினால் நாமும் நம்பிவிடுகிறோம். நான்குக்கும் மூலம் ஒரே வாட்ஸ்அப் தகவலாக இருக்கலாம். நேரில் போய்ப் பார்க்கவேண்டியவர் ஊரில் இருக்கும் பிராந்தியச் செய்தியாளர். செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் காசு, பெற்றோலுக்கே போதாத நிலையில்தான் அவர்களில் பலர் ஓடுகிறார்கள். கொழும்புக் கலையகத்தின் விளக்குகளுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால், பாதிப் பிழைகள் திரைக்கு வராது என்பது என் கணிப்பு.

எல்லாச் செய்திக்கும் நேரில் போய்ப் பார்த்து வரும்வரை காத்திருக்க முடியாதுதான். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து, இலங்கைக்கும் சுனாமி எச்சரிக்கை வந்து, கரையோரச் சனம் வீட்டை விட்டு ஓடியது. பயந்தபடி பேரலை வரவில்லை. 2004 சுனாமியைப் பார்த்த மண்ணில் அந்த எச்சரிக்கையைத் தாமதித்திருந்தால் மன்னிக்கவே முடியாது. அப்படியான வேளையில், எச்சரிப்பது எந்த நிலையம், எத்தனை மணிக்கு என்று திரையிலேயே போட்டால் போதும். மாலை ஏழு மணிக்கும் காலை எச்சரிக்கையையே ஓட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

உங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்று தொலைக்காட்சியில் பிழையாகப் போயிருந்தால் எழுதுங்கள். அலைவரிசை, திகதி, நேரம், அங்கு உண்மையில் நீங்கள் கண்டது எல்லாம் வேண்டும். அடுத்த இதழிலேயே தேடாதீர்கள். நாங்களும் விசாரித்துத்தான் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்