மருத்துவமனை வாசலோடு நிற்கும் ஒலிக் கட்டுப்பாடு

புது தில்லி: மருத்துவமனைகளைச் சுற்றி மாநில அரசுகள் அறிவிக்கும் அமைதி மண்டலங்களில் பகலில் 50, இரவில் 40 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது என்கின்றன, மத்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்.

ஆனால், இவ்விதிகள் குறிவைப்பது வெளிப்புற இரைச்சலையே. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரும் மானிட்டரும் இரவு பகலாக எழுப்பும் எச்சரிக்கை ஒலி இவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. நோயாளி அசைந்தாலோ, ஒயர் நழுவினாலோ எழும் பொய் ஒலிகளே அவற்றில் அதிகம். கேட்டுக் கேட்டுச் செவிலியரின் கவனம் மரத்துப்போனால், உண்மையான ஆபத்தும் கவனத்துக்கு வராமல் போகும்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், எச்சரிக்கை ஒலிகளை முறைப்படுத்துவதை 2014-ல் தேசிய இலக்காக்கியது. இங்கோ சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனினும், 2010-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் பொறுப்பு தேசிய கவுன்சிலுடையது. நாடாளுமன்றம் கேள்வி எழுப்ப வேண்டிய இடம் அதுவே.