நமது கல்லூரிகளில் நாடகத்திற்கு இடமில்லையா?

கல்வியாண்டு பிறப்பதற்கு முன்பே கல்லூரிகள் ஆண்டுக் குறிப்பேட்டை அச்சிட்டு விடுகின்றன. தேர்வுக்குத் தேதி உண்டு. விளையாட்டு விழாவுக்கு உண்டு. மீலாது விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் உண்டு. ஆனால், ‘இவ்வாண்டு நம் மாணவர் நடிக்கவிருக்கும் நாடகங்கள்’ என்று ஒரு பக்கத்தை நாம் புரட்டிப் பார்த்த குறிப்பேடுகளில் கண்டதில்லை. அமெரிக்காவிலே சிற்றூர்களில் உள்ள சமுதாயக் கல்லூரிகள்கூட ஓராண்டுக்கான நாடகங்களை முன்கூட்டியே தேர்ந்து, பெயரும் நாளும் அறிவித்து, ஊராருக்குச் சீட்டு விற்கின்றன. தொழிற்கல்வி கற்க வந்த பிள்ளைகளே அங்கு மேடை ஏறுகின்றனர். நாடகம் அவர்களுக்குப் பொழுதுபோக்கின் எச்சம் அன்று. பாடத்தின் ஒரு பகுதி.

நம்மவர்க்குக் கல்லூரி கட்டத் தெரியாதா? 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. ஆரணியிலிருந்து ஆற்காடு வழியே போனால் எட்டிவிடும் மேல்விஷாரத்தில் 1965 முதல் அப்துல் ஹக்கீம் கல்லூரி நடைபெறுகிறது. தோல் வணிகத்திலும் கடல் வாணிகத்திலும் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வழங்கிய அப்பெருமக்களின் கொடை என்றும் போற்றற்குரியது. ஆனால் இன்று பொதுவாக ஆண்டு விழா மேடைகளில் நிகழ்வது என்ன? திரைப்படப் பாட்டு, அதற்கு ஓர் ஆட்டம், இறுதியில் பத்து நிமிடம் கிச்சுகிச்சு மூட்டும் ஒரு துணுக்கு. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று அன்பர்கள் வினவ வேண்டா. ‘நாடகமா? மார்க்கத்திற்கு ஆகாது’ என்று தடுத்த அதே பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து திரையிசையைச் செவிமடுக்கிறார் என்பதுதான் நம்மை எழுதத் தூண்டியது.

மார்க்கத்தின் பெயரால் எழும் தடையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். நபிமார்களை மேடையில் உருவகித்துக் காட்டலாகாது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. 1976இல் முஸ்தபா அக்காத் எடுத்த ‘தி மெஸேஜ்’ என்னும் திரைப்படமே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமல் அவர்தம் வரலாற்றைச் சொல்லி முடித்தது. எல்லை எது என்பது தெளிவு. எல்லைக்கு இப்பால் உள்ள நிலமெல்லாம் தரிசாகக் கிடக்க வேண்டும் என்று எவர் சொன்னார்? மதீனத்துப் பள்ளியில் அபிசீனியர் ஈட்டி கொண்டு விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்ணுற்றதையும் புகாரி பதிவு செய்துள்ளது. அது நாடகமன்று என்பர். மெய்தான், நாமும் அதை நாடகம் என்று சொல்லவில்லை. கூடிக் காண்பதே குற்றம் என்போருக்கு மட்டுமே அதை நினைவூட்டுகிறோம்.

‘இல்லாத ஒருவனாக வேடமிட்டுப் பேசுவது பொய்யல்லவா?’ என்ற வாதம் இன்னொன்று. இதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஹரீரீயின் நினைவு வருகிறது. பஸராவைச் சேர்ந்த அல்ஹரீரீ (1054-1122) இயற்றிய மகாமாத் நமது அரபி மதரஸாக்களின் மரபான பாடநூல். ஆலிம் பட்டம் பெற்றவர் பலர் அதன் முதற் சில மகாமாக்களையேனும் ஓதியே வெளிவந்திருப்பர். அந்நூல் சொல்வது என்ன? ஸரூஜ் நகரத்து அபூஸைத் என்பவன் பல இடங்களில் பல வேடம் பூண்டு, சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிக்கிறான். முதல் மகாமா ஸன்ஆ நகரில் நிகழ்வது. அங்கே மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டிக் கூட்டத்தையே அழ வைக்கிறான் ஒரு பிரசங்கி. அவன் பின்னோடு சென்ற ஹாரிஸ் இப்னு ஹம்மாம் ஒரு குகையுள் எட்டிப் பார்க்கிறார். வெண்ணிற ரொட்டி, வாட்டிய ஆட்டுக்குட்டி, எதிரே மதுக்குடம்! அழ வைத்தவனும் அவனே. அமர்ந்து உண்பவனும் அவனே.

இதைவிட நாடகம் வேறு ஏது? வேடம் உண்டு, காட்சி மாற்றம் உண்டு, திரை விலகும் கணம் உண்டு. அபூஸைதும் ஹாரிஸும் கற்பனை மாந்தர் என்பதை ஹரீரீ மறைக்கவுமில்லை. தாம் புனைந்தது பொய்யாகாது என்பதற்கு முன்னுரையில் வாதமும் எழுதினார். இளம் மாணவனை அமர்த்தி, போலிப் பிரசங்கியின் பேச்சை அவன் வாயாலேயே ஓத வைக்கும் ஆசிரியருக்கு, அதே மாணவன் எழுந்து நின்று கையசைத்து அதைச் சொன்னால் மட்டும் பாவமாகத் தோன்றுவதேன்? சொற்களை மனனம் செய்வது ஹலால், பொருளுணர்ந்து பேசுவது ஹராம் என்று எந்த ஃபிக்ஹு நூலும் தீர்ப்பளித்ததாக நாம் ஓதவில்லை. (இலக்கண நயத்திற்காக மட்டுமே ஓதுகிறோம் என்பாரும் உளர். அப்படியாயின் ஹரீரீ வீணாகவே சிரமப்பட்டார் போலும்!)

அரபு நாடுகளும் இச்சண்டையைப் போட்டு முடித்தவைதாம். திமஷ்கில் அபூ கலீல் அல்கப்பானீ நாடகம் நடத்தியபோது எதிர்ப்பாளர் இஸ்தான்புல் வரை முறையிட்டு அவரது அரங்கை மூட வைத்தனர். அவர் 1884இல் எகிப்துக்குப் பெயர்ந்தார். நாடகமும் அவரோடு பெயர்ந்தது. அரை நூற்றாண்டு கழிந்து, 1935இல், கெய்ரோவின் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகமாக எதை அரங்கேற்றியது தெரியுமா? குகைத் தோழரின் சரிதையை அடியாகக் கொண்டு தவ்ஃபீக் அல்ஹகீம் எழுதிய ‘அஹ்லுல் கஹ்ஃப்’.

ஆண் பெண்வேடம் தரிப்பது பற்றிய தடையை மட்டும் நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். அதற்கு வழியில்லாமற் போகவில்லை. பெண் பாத்திரமற்ற கதைகள் மிகுதி. மகளிர் கல்லூரிகளும் நமக்கு உண்டு. அவர்கள் தமக்குள்ளே நடித்துத் தாய்மாரை அழைத்துக் காட்டட்டும்.

நாடகம் அந்நியச் சரக்கு என்பாருக்கு நமது முன்னோரே விடை. அப்பாஸ் நாடகம், அலிபாதுஷா நாடகம், லால் கௌஹர் நாடகம், தையார் சுல்தான் நாடகம் ஆகியவை இஸ்லாமியத் தமிழின் சொத்து. சீதக்காதி பேரில் ஒரு நொண்டி நாடகமே உண்டு. திருடி உறுப்பிழந்த ஒருவன் வள்ளலின் உதவியால் மக்கமாநகர் ஏகி நலம் பெறுவதைப் பாடுவது அது. சீறாவை மேற்கோள் காட்டாத மாநாடு நமக்கில்லை. இந்நாடகங்களை மேடையில் கண்டவர் எத்தனை பேர்? நூலகத்தில் பெயரளவில் வாழ்கின்றன.

அதிலும் ஆரணி வட்டாரத்தார்க்குச் சாக்கே கிடையாது. இது கூத்து விளைந்த மண். செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் வழியினர் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருகின்றனர். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸின் கதையையும் கூத்தாக்கிக் காட்டியவர்கள். கோயில் வழிபாட்டோடு இணைந்த பாரதக் கூத்தில் நாம் பங்கு கொள்ள இயலாது, அது வேறு. ஆனால் ஒலிபெருக்கியின்றி ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசுவது எப்படி, விடியும்வரை அவர்களை இருத்தி வைப்பது எப்படி, கட்டியக்காரன் ஊர்க்குறையை இடையிலே நுழைப்பது எப்படி என்பவை தொழில் நுட்பம். அதைக் கற்பதில் ஈமானுக்கு என்ன குறை?

கதையும் அருகிலேயே கிடக்கிறது. செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப் சஅதத்துல்லா கானை எதிர்த்து மாண்டான். மக்கள் நாவில் மோவுத்துக்காரன் என்று திரிந்த அவன் தோழன் ஒரு முஸ்லிம். தன் மணப்பந்தலை விட்டெழுந்து வந்து நண்பனுக்காகப் போரிட்டு இறந்தான் என்று கதைப்பாடல் கூறுகிறது. நவாபும் முஸ்லிம், நவாபை எதிர்த்து உயிர் விட்டவனும் முஸ்லிம்! நட்புக்கும் கடமைக்கும் இடையே அவ்விளைஞன் அந்த இரவில் என்ன எண்ணியிருப்பான்? நம் பிள்ளைகள் எழுதி நடித்துக் காட்ட வேண்டிய கேள்வி இது. வேறெவரும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை.

எழுதுவோர் எப்படி எழுதுகின்றனர் என்பதையும் கண்டோம். திரையில் தொப்பியும் தாடியும் தோன்றினால் அடுத்து வெடிகுண்டு என்பது வழக்கமாயிற்று. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் திரண்டன. அரசு தற்காலிகத் தடை விதித்தது. பிப்ரவரியில் சில மாற்றங்களோடு படம் வெளிவந்தது. நம் மனம் புண்பட்டது உண்மை. அதைச் சொல்ல நமக்கு உரிமையும் உண்டு. ஆனால் நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் கதையை நிறுத்தக் கோரிய நாம், அதன்பின் நாமே சொன்ன கதை எது? நெசவாளியாக, ஜரிகை வாங்கி விற்பவராக, கடன்பட்ட தகப்பனாக, மணமாகாத தங்கைக்காகக் கவலையுறும் அண்ணனாக ஒரு தமிழ் முஸ்லிமை நாம் எந்த மேடையில் நிறுத்தினோம்?

இதற்கு விடையாக, ‘வரதட்சணை ஒழிக’ என்று இறுதியில் அனைவரும் வரிசையாக நின்று முழங்கும் உபதேச நாடகங்களைச் சிலர் முன்வைப்பர். அது குத்பாவின் வேலை. மிம்பர் அதற்கு இருக்கிறது.

செய்ய முடியுமா என்பாருக்கு இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுட்டுவோம். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டார் ஆடிய கூத்தைச் சுருக்கிச் செம்மைசெய்து ‘கர்ணன் போர்’ என மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ எனப் பின்னும் தொடர்ந்தார். ஆட்டம் தெரிந்த கிராமத்து அண்ணாவிமாரும் பட்டம் பெறும் மாணவரும் ஒரே களத்தில் நின்றனர். அதற்குத் தேவைப்பட்டது பெருஞ்செல்வம் அன்று. பல மாத ஒத்திகை.

ஒத்திகைதான் செய்தி. பாவு நீட்டி இழை இழையாகப் பிணைத்து முடிக்காமல் பட்டு நெய்யலாகாது என்பதை ஆரணிப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டு விழாவுக்கு முந்திய வாரம் கூடி நாடகம் செய்யலாம் என்று நினைப்பவர் நிர்வாகிகளே. ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஜூன் குறிப்பேட்டில் ஒரு பக்கம். அதில் மூன்று நாடகங்களின் பெயரும் நாளும். ஒன்று ஹரீரீயிலிருந்து, அரபித் துறையும் தமிழ்த் துறையும் கூடி மொழிபெயர்த்தது. ஒன்று பழைய நாடகங்களுள் அச்சேறியது ஏதேனும். மற்றொன்று மாணவர் தாமே எழுதுவது. ஹரீரீயின் முதல் மகாமாவுக்குச் சில நடிகரும் ஒரு குகையும் போதும். குகைக்கு ஒரு கறுப்புத் துணி. அதைத் தமிழாக்கித் தருமாறு எந்தக் கல்லூரியேனும் கேட்டால், எழுதித் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.