ரோஜாவாம்... போராம்!

இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு பங்காளி வீடுகள் சிம்மாசனத்துக்காக விட்டுவிட்டு வெட்டிக்கொண்டன. இரண்டுமே மூன்றாம் எட்வர்டின் வம்சம்தான். அந்தச் சண்டைக்கு வரலாறு வைத்த பெயர் 'ரோஜாப் போர்கள்'. ஏதோ காதல் படத் தலைப்பு மாதிரி!

சிவப்பு ரோஜா லங்காஸ்டராம், வெள்ளை ரோஜா யார்க்காம். கடைசியில் ஹென்றி டியூடர் யார்க் வீட்டு எலிசபெத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு பூவும் ஒன்றானதாம். சுபம். (சுபம் போட்ட மறு வருஷமே, 1487-ல், ஸ்டோக்கில் மறுபடி ரத்தம் ஓடியது என்பது வேறு விஷயம்.)

வெள்ளை ரோஜா யார்க் வீட்டின் பல சின்னங்களில் ஒன்று, அவ்வளவுதான். மூன்றாம் ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் காட்டுப்பன்றி. சிவப்பு ரோஜாவுக்கு இவ்வளவு மவுசு கொடுத்ததே ஜெயித்த டியூடர்தான். பிரபுக்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு பூப் பறிக்கும் காட்சி ஷேக்ஸ்பியரின் கைச்சரக்கு. பெயரைப் பரப்பியது 1829-ல் வந்த வால்டர் ஸ்காட் நாவல்.

பூவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 1433-ல் அரசாங்கக் கடன் சுமார் 1,68,000 பவுண்டு. 1450 வாக்கில் 3,72,000! பிரான்சில் ராஜாவுக்காகப் படை நடத்திய யார்க் கோமகன் ரிச்சர்டுக்கே பெரிய பாக்கி. செல்வாக்கெல்லாம் அவருடைய எதிரி சாமர்செட் கோமகனிடம். 1453-ல் பிரான்சில் கலே தவிர எல்லாம் கைநழுவியது; அதே வருஷம் ஆறாம் ஹென்றிக்குச் சித்தம் கலங்கியது. அப்புறம் என்ன? 1455-ல் செயின்ட் ஆல்பன்ஸ் தெருவில் சாமர்செட் பிணமானார்.

அதற்குமேல் யாராலும் நிறுத்த முடியவில்லை. காரணம், தோற்றவனை ராஜத்துரோகி என்று பார்லிமெண்ட் அறிவித்தால் தலையோடு நிலமும் போகும், பிள்ளைகளுக்கும் கிடையாது. சொத்தை மீட்க ஒரு வழி, ராஜாவை மாற்றுவது. இந்தப் பிரபுக்களின் பத்திரச் சண்டைக்குக் கூலி கொடுத்தது யார்? 1461-ல் டௌட்டனில், கொட்டும் பனியில், ஆயிரக்கணக்கில் செத்தவர்கள். 1996-ல் அங்கே கிடைத்த ஒரு புதைகுழியில் முப்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். பல மண்டையோடுகளில் வெட்டுக்குமேல் வெட்டு. இதற்குப் பெயர் ரோஜாவா?

ஹென்றி டியூடர் செய்ததுதான் உச்சம். பாஸ்வொர்த்தில் அவர் ஜெயித்தது 1485 ஆகஸ்ட் 22. தன் ஆட்சி ஆகஸ்ட் 21-லேயே தொடங்கியதாக எழுதிக்கொண்டார். ஆக, முடிசூடிய ராஜா ரிச்சர்டுக்காக மறுநாள் சண்டை போட்டவனெல்லாம் துரோகி, நிலம் பறிமுதல்! இந்த முன்தேதிக் கணக்குக்குப் பார்லிமெண்டிலேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் நிறைவேறிவிட்டது.