சுறா இல்லீங்க, கெளுத்தி!

நம்ம பாண்டி மீன்தொட்டிக் கடைகளில் 'ஷார்க்' என்று விரல் நீளக் குட்டி விற்கிறார்களே, அது சுறாவே இல்லை! வாயருகே பாருங்க, இரண்டு ஜோடி மீசை. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், குட்டியாக ஒரு கொழுப்புத் துடுப்பு. மெகாங் ஆற்றுக் கெளுத்தி அது, பெயர் பங்காசியஸ். முழுசா வளர்ந்தால் நாலடி! எங்க வீட்டுத் தொட்டியே இரண்டடிதான்.

பெரிசானதும் என்ன செய்வாங்க? "பாவம், பிழைச்சுப் போகட்டும்"னு ஊசுட்டேரியில் விட்டுடுவாங்க. ஏரியில் இருக்கும் நம்ம ஊர் மீனுக்கு யார் பாவம் பார்ப்பது? உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும் என்றுதானே ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை 2000-லேயே தடை செய்தார்கள்! (அதுக்கு நாலு ஜோடி மீசை, கொழுப்புத் துடுப்பு கிடையாது.)

என்னைக் கேட்டால், கடைக்காரர் தொட்டி மேலேயே உண்மைப் பெயரையும் வளரும் நீளத்தையும் எழுதி ஒட்டணும். ஒட்டாத கடையில் நான் வாங்கறதா இல்லை.