துப்பாக்கி மேல் பழி

ரைஃபிள் கிளப் ஒன்றில் இந்த வாரம், தோற்று அழுதுகொண்டிருந்த மகளை ஓர் அப்பா தேற்றிக்கொண்டிருந்தார். "விடும்மா, உன் மேல தப்பில்ல. துப்பாக்கிதான் சரியில்ல. வேற வாங்கிடலாம்." எனக்கு மனசே ஆறவில்லை. துப்பாக்கியில் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் யாருமே அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதிப்பது பெரிய வித்தையில்லை. பெல்லட்டுகள் நெருங்கி விழுந்து, மையத்தை விட்டு மட்டும் விலகியிருந்தால் முதலில் சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருத்த வேண்டும். சிதறினால், ரைஃபிளை அசையாமல் பிணைத்துச் சுட வேண்டும். அப்போதும் சிதறினால் பேரலையும் பெல்லட்டையும் சந்தேகிக்கலாம். ஒரே இடத்தில் விழுந்தால், மூச்சையும் விரலையும் கவனிக்க வேண்டியதுதான். இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று உண்டு. விசையை அழுத்திய கையோடு, திரையைப் பார்ப்பதற்குள், "வலப்பக்கம் இழுத்துட்டேன்" என்று சுட்டவரே சொல்லிவிட வேண்டும். சொன்ன இடத்திலேயே விழுந்திருந்தால் துப்பாக்கி மேல் குற்றமில்லை. எலக்ட்ரானிக் டார்கெட் வந்தபின் பிள்ளைகளின் கண் நேரே திரைக்குத்தான் ஓடுகிறது.

இதற்கு நான் எடுத்துப் படிப்பது, துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவின் தன்வரலாறான 'எ ஷாட் அட் ஹிஸ்டரி'. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர். தகுதிச்சுற்றில் 600க்கு 596 எடுத்தவர், இறுதிச்சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டது நான்கில் போய் விழுகிறது. மற்றவராயிருந்தால் கை நடுங்கிவிட்டது என்றே நினைத்திருப்பார். தன் கை அவ்வளவு தூரம் விலகாது என்பது பிந்த்ராவுக்குத் தெரியும். பல ஆண்டுகள் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு வைத்தவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும். சைட் மாறியிருக்கிறது என்று கண்டு, இருந்த கொஞ்ச நேரத்துக்குள் திருத்தினார். முதல் குண்டு 10.7, கடைசிக் குண்டு 10.8. தங்கம்.

நான் அதிகம் புரட்டும் பக்கங்கள் 2004 ஏதென்ஸைப் பற்றியவை. அங்கே இறுதிச்சுற்றில் அவருக்கு ஏழாவது இடம். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதாவது கோளாறு துப்பாக்கியிலும் இல்லை, கையிலும் இல்லை, காலடியில்! பழி போட இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? அவரோ வீட்டுப் பயிற்சிக்கூடத்தில் ஆடுகிற ஓடு ஒன்றைப் பதிக்கச் சொல்லி, அதன் மேல் நின்றே சுட்டுப் பழகினார்.