செக் திரும்பினால் கேஸ், மெயில் திரும்பினால்?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மெயில் சர்வரோடு என்ன பேச்சு என்று கேட்காதீர்கள் மக்களே. நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் இது. பவுன்ஸ்!

ஆவூரில் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாள். ப்ரவுசிங் சென்டர்காரர் அவள் மெயில் முகவரியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொன்ன மெயில் அவளுக்கு வரவே இல்லை. தேதி போச்சு, பணமும் போச்சு. கேட்டால், "நாங்க அனுப்பிட்டோம், ரெக்கார்டு இருக்கு" என்கிறார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை.

அதே மெயில் எனக்கும் வந்திருந்தது, ஸ்பாமில்! அதன் மூலத்தைத் திறந்து பார்த்தேன். அனுப்புநர் இடத்தில் அழகாக அலுவலகத்தின் பெயர். 'ரிட்டர்ன்-பாத்' வரியில் மட்டும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்று ஏதோ ஒரு யூசர்.

விஷயம் இதுதான். கடிதத்தின் உள்ளே ஒரு அனுப்புநர், உறை மேல் ஒரு அனுப்புநர் என்று மெயிலுக்கு இரண்டு உண்டு. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 காலத்திலிருந்தே இப்படித்தான். நம் கண்ணில் படுவது உள்ளே இருப்பது. மெயில் போய்ச் சேராவிட்டால் தகவல் திரும்பி வருவது உறை முகவரிக்கு. பி.எச்.பி.யில் மெயில் அனுப்புகிறவர் அதைக் கொடுக்காமல் விட்டால், பெரும்பாலும் வெப் சர்வர் ஓடுகிற யூசரின் பெயரே அங்கே போய் உட்காரும். அந்தப் பெட்டியை எவரும் திறப்பதில்லை. "இப்படி ஒரு ஆளே இல்லை" என்று ஜிமெயில் சொன்ன பதில் அங்கேதான் கிடந்திருக்கும். விண்ணப்பத்தில் அவள் செல் நம்பர் இருந்தது சார், ஒரு போன் போதும்!

நம்ம தபால் துறையைக் கிண்டல் செய்கிறோம். வெளியே அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம் போய்ச் சேராவிட்டால், ஆர்.எல்.ஓ.வில் பிரித்துப் பார்த்தாவது திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். செக் திரும்பினால் வங்கி மெமோ தருகிறது. அது வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அப்புறம் 15 நாள் கெடு, கட்டாவிட்டால் 138-வது பிரிவில் கேஸ். (போன செமஸ்டரில் மனப்பாடம் செய்தது, ஹி ஹி.) திரும்பிய மெயிலுக்கு மட்டும் நாதியில்லை.

"உறை முகவரியை மாற்றினால் மோசடி ஆகாதா?" என்று ஒரு சீனியர் கேட்டார். அடுத்தவன் முகவரியைப் போட்டால்தான் மோசடி அண்ணே. எஸ்.பி.எஃப். சோதிப்பதே உறையில் உள்ள டொமைனைத்தான். 2024 பிப்ரவரியிலிருந்து, எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் கறாராகக் கேட்கிறது. சொந்த டொமைனில் ஆள் பார்க்கிற ஒரு முகவரியைப் போடுங்கள் என்கிறேன். பி.எச்.பி.யில் '-எஃப்' என்று ஒரு வார்த்தை, போஸ்ட்ஃபிக்ஸில் 'ஜெனரிக் மேப்' என்று ஒரு வரி. முடிந்தது வேலை.

"ஆயிரக்கணக்கில் திரும்பி வருமே, யார் படிப்பது?" என்பது அடுத்த சாக்கு. ஒவ்வொரு பெறுநருக்கும் உறை முகவரியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு, எது திரும்பியது என்று புரோகிராமே கண்டுபிடிக்கிற வித்தை க்யூமெயில் காலத்திலேயே, 1990களில், வந்துவிட்டது. 'நோ ரிப்ளை' என்று போட்டு வருவதையெல்லாம் குப்பைக்கு அனுப்புகிற புத்திசாலிகளை என்ன சொல்ல?

இந்த வருஷம் அவள் மறுபடி விண்ணப்பிக்கிறாள். முகவரியை நான்தான் டைப் அடிக்கப்போகிறேன். நேற்று அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு மெயில் வந்தது. மூலத்தைத் திறந்து பார்த்தேன், ரிட்டர்ன்-பாத்தில் அதே யூசர்.