எண் பெறாத பாதைகள்

முத்திரை சேர்ப்போரையும் பழங்காசு சேர்ப்போரையும் நாம் அறிவோம். நாட்டின் பெருவீதிகளையும் அவற்றுக்கு இடப்பட்ட இலக்கங்களையும் ஆராய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் உலகில் உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். நகைக்குமுன் ஒரு சிறு வினாவுக்கு விடை காணுமாறு வேண்டுகிறோம். கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் பஸ் வண்டியின் நெற்றியில் 99 என்று எழுதப்பட்டிருக்கிறது. அவ்வண்டி ஓடும் வீதியின் இலக்கம் என்ன?

விடை ஒன்றன்று, மூன்று. இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலை வரையில் ஏ-4. அங்கே பிரிந்து ஹப்புத்தளை, பண்டாரவளை கடந்து ஹாலிஎலை வரையில் ஏ-16. ஹாலிஎலையிலிருந்து பதுளைக்கு ஏ-5. பெரகலையில் நம்மை விட்டுப் பிரிந்த ஏ-4, வெல்லவாயா, மொனராகலை என்று கீழிறங்கி மட்டக்களப்பிற் போய் முடிகிறது. பேராதனையிற் பிறந்த ஏ-5, நுவரெலியாவைக் கண்டு, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை ஊடாகச் செங்கலடியை அடைகிறது. மலைநாட்டை வேறுவேறு திசையிற் கடந்த இரண்டும் கீழைக்கரையில் ஏறக்குறைய அண்டை வீட்டாராகிவிடுகின்றன. மடுல்சீமைக்குச் செல்வோர் பசறைப் பக்கத்தில் இந்த ஏ-5ஐ விட்டு மலையேற வேண்டும். இவ்வளவையும் ஒரு மாணவன் படத்தில் விரல் வைத்துக் காண்பானாயின், அவனுக்குப் பூமிசாத்திரம் கசக்குமா?

இலக்கமிடும் முறைக்குள் ஆட்சியாளரின் மனமும் ஒளிந்திருக்கிறது. பிரித்தானியர் தம் நாட்டில் 1920களில் இலக்கமிட்டபோது, இலண்டனைக் குடத்தின் நடுவாகவும் வீதிகளை ஆரக்கால்களாகவும் வைத்து எண்ணினர். நம் நாட்டிலும் ஏ-1 கண்டிக்கும், ஏ-2 காலிக்கும் தலைநகரிலிருந்தே புறப்படுகின்றன. இந்தியா 2010இல் தன் பழைய எண்களை நீக்கி, வடக்குத் தெற்காகச் செல்வனவற்றுக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை என்று புதுமுறை வகுத்தது. நம் இரண்டாந்தர வீதிகளின் கதை வேடிக்கையானது. பத்தரமுல்லை – பன்னிப்பிட்டி வீதி பி-47. கொழும்பு – ஹொரணை வீதி பி-84. தூரமோ திசையோ இங்கே அளவுகோல் அல்ல. ஊர்ப் பெயர்களை ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கி எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஏதோ ஒரு கந்தோரில் அமர்ந்து பெயர்ப்பட்டியலைப் பிரதிசெய்த எழுதுவினைஞரின் கைவண்ணம் இன்றும் நம் வீதியோரக் கற்களில் நிற்கிறது.

வழிக்கு எண்ணிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டினவான காதக் கற்கள் அதியமான் பெருவழியின் தூரத்தை அறிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று, நாவற்றாவளத்துக்கு 27 காதம் என்று எழுத்திற் கூறியதோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளையும் ஏழு சிறிய குழிகளையும் கல்லிற் பொறித்திருக்கிறது. பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. எழுத்தறியாத வணிகனும் சுமைகாரனும் கையால் தடவியே தூரத்தை அறியலாம். வழியில் நடப்பவன் யார் என்று எண்ணிப் பார்த்துச் செதுக்கிய கல் அது.

ஊவாவின் மக்களும் தமக்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மைல் கணக்குப் போய்க் கிலோமீற்றர் வந்து பல்லாண்டுகளாகியும், இடங்களைக் கட்டை கொண்டே குறிப்பது இங்கு வழக்கம். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையிலுள்ள பதின்மூன்றாம் கட்டை அத்தகைய பெயர். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலைப் பக்கமிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் அங்கே பள்ளத்தில் வீழ்ந்து பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டபோது, நாடெங்கும் அப்பெயரே பேசப்பட்டது. எண்ணுள்ள வீதியில் நேர்ந்ததால், அதன் அகலம் என்ன, தடுப்புச் சுவர் எங்கே, பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளைக் கேட்க ஒரு முகவரியாவது இருந்தது.

அந்த முகவரியும் இல்லாதவை தோட்டத்துப் பாதைகள். ஏ, பி என்னும் தேசிய வீதிகள் ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர். லயத்திலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து பெருவீதிக்கும் செல்லும் தோட்டப் பாதை இக்கணக்கிற் சேர்வதில்லை. கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போவதற்காக வெட்டப்பட்டது அது. வெட்டியவர் நம் பாட்டன்மார். மழைக்காலத்தில் அதன்வழியே நோயாளியைத் தோளிற் சுமந்து இறங்குவோரும் அவர்தம் பேரப்பிள்ளைகளே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபைகள் பணி செய்வதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. சபைக்கு வாக்களித்தவரின் வாசலுக்கு ஒரு கூடை கல் போடவும் சபைக்கு வழியில்லாத விந்தை 31 ஆண்டுகள் நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியது மெய். ஆயினும் பட்டியலில் இல்லாத பாதைக்குப் பணம் கேட்பது எப்படி? எந்தப் பாதை, எத்தனை நீளம், எத்தனை மதகு என்று முதலில் ஒருவர் எழுதிவைக்க வேண்டுமன்றோ?

இவ்விடத்திற்றான் மேற்சொன்ன பொழுதுபோக்கு நமக்கு வேண்டியதாகிறது. நம் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் நில அளவைத் திணைக்களத்தின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டட்டும். மாணவர் தம் லயத்து வாசலிற் புறப்பட்டு, எண்ணுள்ள வீதியைத் தொடும் வரை நடந்து, அடிகளை எண்ணி, வளைவுகளையும் மதகுகளையும் மண்சரிந்த இடங்களையும் குறிக்கட்டும். பாதைக்குத் தோட்டத்தார் வழங்கும் பெயரையும், முதியோர் நினைவிலுள்ள பழைய பெயரையும் சேர்த்தெழுதட்டும். இலக்கம் ஒன்றை அவர்களே இட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆங்கில நெடுங்கணக்கு வேண்டியதில்லை. ஏட்டின் ஒரு பிரதி பிரதேச சபைக்குப் போகட்டும். மற்றொன்று நமக்கு வரட்டும். மடுல்சீமை மலையிலிருந்து அத்தகைய முதல் ஏடு வருமாயின், இதே பக்கத்தில் அதனை முழுமையாக அச்சிட இடம் ஒதுக்குவோம்.